தேரிக்காட்டில் பிடுங்கிய நாலு ஓலை

ஏதோ ஒரு வீடியோவை நம்பி, ஆடிக் காற்றில் ராதாபுரம் பக்கம் தேரிக்காட்டு ஊர் ஒன்றைப் பார்க்கப் போனோம். செம்மணலில் கார் புதைந்தது. கணவர் ஒரு வீட்டு வேலியிலிருந்து நாலு பனை ஓலையைப் பிடுங்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். கார் ஏறிவிட்டது. நானும் அவரைப் பாராட்டித் தொலைத்தேன்.

அந்த வீட்டுக்காரி சோற்றுத் தட்டோடு வந்து வழிமறித்தாள். சோறு முழுக்கச் சிவப்பு மணல்.

“மண்ணு உள்ள வராம இருக்கத்தான் வேலி. ஊரு பாக்கத்தான வந்திய? இதையும் தின்னு பாருங்க.”

“தெரியாமச் செஞ்சிட்டோம்,” என்றார் கணவர்.

“உள்ளதான இருந்தேன். ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?”

ஓலைகளைத் திரும்பக் கட்டி முடிக்கும்வரை அவள் நகரவில்லை. மட்டை கிழித்து அவர் கையெல்லாம் ரத்தம். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இப்போது சக்கரத்துக்கு அடியில் போடவென்று காரில் இரண்டு சாக்கு வைத்திருக்கிறோம். அந்த ஊருக்கு யார் வழி கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை