கருப்பையாவுக்கு என்ன சீக்கு?

மலேயாவில் நான் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரசராக இருக்கும் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோய்க்கு ஒரு வார்த்தை, ஊனத்துக்கு வேறொரு வார்த்தை. 'டிசீஸ்' என்றால் மருந்துக்குப் போய்விடும். 'டிஸெபிலிட்டி' கூடவே இருக்கும். நம் ராஜபாளையத்தில் காய்ச்சலுக்கும் 'முடியலை', கால் ஊனத்துக்கும் 'முடியலை' என்றுதான் சொல்வோம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு வார்த்தை வைத்திருந்த துரைதான் குழம்பினார்.

புதிதாக வந்த டாக்டர் துரை, வன்னியம்பட்டியிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த கருப்பையா நொண்டி நடப்பதைப் பார்த்ததும் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். ஒரு வாரத்தில் குணமாகாவிட்டால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பச் சொன்னார். பிறவியிலேயே குட்டையான கால் ஒரு வாரத்தில் வளருமா? அவன் மனைவி செல்லம்மாளுக்கு ஒப்பந்தக் காலம் முடியாமல் தோட்டத்தை விட்டுப் போக வழியில்லை. அவள் அழுத அழுகையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. "பிறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்று துரையிடம் விளக்கினேன். "இத்தனை வருஷமாகவா வைத்தியம் பார்க்காமல் விட்டீர்கள்?" என்று என் மேல் எரிந்து விழுந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தில் இதே கருப்பையா வடம் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். "ஏலே நொண்டி, மெதுவா இழுலே, நாங்களும் வாரோம்!" என்று பின்னால் கத்தினார்கள். அங்கே அவனை நொண்டி என்றவர்கள் உண்டு. சீக்காளி என்றவர் ஒருவரும் இல்லை.

நம்மவன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் சனம் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை கூலிகள் குடியிருக்கும் லயமே ரொட்டியும் ஆரஞ்சுப் பழமுமாகப் பார்க்க வந்துவிட்டது. வந்தவர்களை நிற்க வைக்கக் கருப்பையாவுக்கு மனசு வரவில்லை.

"மாமா, பெஞ்சில உக்காருங்க. அத்தே, எம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கீய, கட்டில்ல செத்த நேரம் சாயுங்க."

அடுப்படியிலிருந்து காப்பி வாளியைத் தூக்கி வந்து, விந்தி விந்தி ஓடி எல்லோருக்கும் ஊற்றினான். அந்த நேரம் பார்த்துத் துரை உள்ளே வந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த வேலம்மா அத்தையின் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்!" என்று அத்தை கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நோயாளி எங்கே?" என்று துரை என்னைக் கேட்டார். வாளியோடு நின்றவனைக் காட்டினேன்.

"தொரைக்கும் ஒரு டம்ளர் ஊத்தட்டா, அண்ணாச்சி?" என்றான் கருப்பையா.

துரைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டிசீஸ் இல்லை, டிஸெபிலிட்டி" என்று அவரே சொல்லி, காப்பியையும் வாங்கிக் குடித்தார். மறுநாளே கருப்பையாவுக்கு உட்கார்ந்தபடி ரப்பர் ஷீட்டைத் தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது.

"கப்பல் இல்லைல்லா அண்ணாச்சி? அம்புட்டு போதும்" என்று செல்லம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஒரு கால் ராஜபாளையத்தில், ஒரு கால் இந்த ரப்பர் காட்டில் என்று நிற்கிற நானும் கொஞ்சம் நொண்டத்தான் செய்கிறேன். இதைச் சீக்கு என்று சொல்லி யாரும் என்னைக் கட்டிலில் போடாமல் இருந்தால் சரி.