நாற்பது சஹன்

யுத்தம் முடிந்து சில மாரிகள் கழிந்திருந்தன. அந்த மாரியில் புத்தளத்தைத் தண்ணீர் முற்றுகையிட்டது. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் உடைப்பெடுத்த குளம், நடுவில் பள்ளிக்கூடத்து மேல்மாடியில் நாங்கள். யுத்த காலத்தில், முஸ்லிம்கள் என்று மன்னாரை விட்டு விரட்டப்பட்டு இங்கே வந்தபோது அழுத நான் இம்முறை சிரித்துக்கொண்டிருந்தேன். ஏனென்று தெரியாது. கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. தொண்டு செய்கிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டுப் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் அரிசி முடிந்தது. முற்பகலில் கடற்படைப் படகொன்று கீழே வந்து நின்றது. எத்தனை பேர் என்று அதிலிருந்தவர் சிங்களத்தில் கேட்டார். எங்களுக்குச் சமைத்துப்போட்ட கலியாணச் சமையல்கார நானாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நாப்பது," என்றார் நானா.

அதையே சிங்களத்தில் கூவினேன். குரலில் அவ்வளவு பெருமை!

படகு போய் நாற்பது சோற்றுப் பார்சலோடு வந்தது.

எங்கள் சமையல்காரர்கள் ஆட்களை எண்ணுவதில்லை. கந்தூரியோ கலியாணமோ, சஹனைத்தான் எண்ணுவார்கள். ஒரு பெரிய தட்டம், சுற்றிலும் ஆறு பேர். நாற்பது சஹன் என்றால் இருநூற்று நாற்பது வயிறு. பல் முளைத்த நாள் முதல் சஹனில் தின்றவள் நான். எனக்கே தோன்றவில்லை.

"ராத்தா, நீங்க படிச்ச பொம்புள தானே?" என்றார் நானா.

"நீங்கதானே நாப்பதெண்டீங்க!"

"நான் சஹனச் சொன்னன். நேவிக்காரன் சஹனக் கண்டானா?"

படகுக்காரரிடம் விளக்கினேன். தலையில் கைவைத்தார். பொழுதுபடுமுன் மீண்டும் வருவதாகச் சொல்லிப் போனார். அதுவரை பிள்ளைகள்? காலையில் ஆளுக்கொரு துண்டு பாண் தின்றதோடு சரி. எல்லாம் என் வாயால் வந்தது.

நானா அதிகம் யோசிக்கவில்லை. சஹனுக்கு ஒரு பார்சலை அவிழ்த்துக் கொட்டினார். பெண்கள் பக்கத்தில், என் தட்டத்தில், தலவிலயிலிருந்து வந்து வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு கத்தோலிக்க அக்காவும் இருந்தார். அவருக்குச் சஹன் புதிது.

"இதில எது என்ட பக்கம்?"

"முன்னால இரிக்கிறது உங்கட," என்றேன். "அடுத்தவட வயலுக்குள்ள மாட்ட விட்டுராதீங்க."

ஆளுக்கு இரண்டு பிடி சோறு. நடுவில் ஒரேயொரு அவித்த முட்டை. நடுவில் இருப்பதை நாங்கள் முதலில் எடுக்கமாட்டோம், அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவோம். நான் அக்காவிடம் தள்ளினேன். அவர் பக்கத்திலிருந்த மாமியிடம் தள்ளினார். "எனக்கு வாயு மகள்," என்று மாமி அப்பால் உருட்டினார். முட்டை ஒரு சுற்றுச் சுற்றி என்னிடமே வந்து சேர்ந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வெடித்தது, சோறு புரைக்கேறியது. நிமிர்ந்து பார்த்தால் மாடி முழுக்க, ஆண்கள் பக்கமும்தான், நாற்பது முட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. சோறு தீர்ந்தது. முட்டைகள் அப்படியே.

நானா வாளியோடு வந்து எல்லாவற்றையும் பொறுக்கி என் கையில் தந்தார். "புள்ளைகளுக்குக் குடுங்க. இப்பயாவது தலைய எண்ணுங்க."

எண்ணினேன். எழுபத்தொரு பிள்ளைகள், எண்பது பாதி முட்டைகள். வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தரமும் வரிசையில் வந்து நின்ற ஒன்பது பேரை எனக்கு அடையாளமே தெரியவில்லை.