மிக்கேலம்மாள் பெயர் போட்ட பெஞ்சு

கோபுரம் இல்லாத கோயிலை ஜெயசீலன் அரபு நாட்டு ருவைஸுக்கு வந்த பிறகுதான் பார்த்தான். திசையன்விளைப் பக்கத்துக்காரனுக்கு மாதா கோயில் என்றால் இரண்டு ஊர் தள்ளி வரும்போதே தெரிய வேண்டும். இங்கேயோ கேம்ப் பஸ் ஒரு நீண்ட மதில் சுவரோரம் நின்றது, எல்லாரும் இறங்கினார்கள், எதிரே குடோன் மாதிரி ஒரு கட்டடம். உச்சியில் சிலுவைகூட இல்லை. "இது ஏசி ரிப்பேர் பண்ற இடமாண்ணே?" என்று கேட்டு, பக்கத்தில் வந்த தொம்மையண்ணனிடம் முழங்கையால் ஓர் இடி வாங்கினான்.

உள்ளே போனால் வேறு உலகம். வாசலை ஒட்டி, தேக்குச் சட்டத்தில் ஒரு வெண்கல மணி தொங்கும். யாரோ புண்ணியவான் ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்துக் கொடுத்தது. அந்த நாட்டில் வெளியே மணிச் சத்தம் போகக் கூடாது என்பதால் அதன் நாக்கைத் துணி சுற்றிக் கட்டிவிட்டார்கள். பூசை நேரத்தில் ஒலிப்பதெல்லாம் பீடத்தருகே இருக்கும் கைமணிதான். பெரிய மணியைக் குழந்தைகள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள், 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

சன்னல்கள் அதைவிட வேடிக்கை. அந்தோணியார், சூசையப்பர், மாதா என்று வரிசையாகக் கலர்க் கண்ணாடிகள். ஆனால் அவற்றுக்குப் பின்னால் வெயில் கிடையாது, இன்னொரு சுவர்தான் இருந்தது. ஆகவே இடைவெளியில் டியூப் லைட் போட்டு வைத்திருந்தார்கள். லைட் பியூஸ் போனால் அந்தோணியார் இருட்டில் நிற்பார். அந்தக் கண்ணாடிகளை ஏற்றியபோது சாரம் கட்டிக் கொடுத்தவன் ஜெயசீலன். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் அவன் வேலையே அதுதான்: இரும்புக் குழாய்களை முடுக்கி, பலகை போட்டு, மற்றவர்கள் ஏறி நின்று வேலை செய்ய இடம் பண்ணிக் கொடுப்பது. சம்பளத்துக்குக் கட்டிய சாரங்கள் எல்லாம் கழற்றப்பட்டுவிட்டன. லீவு நாளில் சும்மா கட்டிக் கொடுத்த இந்தச் சாரத்தைப் பற்றித்தான் ஊருக்குப் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டான்.

பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துவிட்டு மரப் பெஞ்சு போடுவது என்று கோயில் பங்குக் கூட்டத்தில் முடிவானது. மலையாளிகள் ஒரு வரிசை, கோவாக்காரர்கள் ஒரு வரிசை, பிலிப்பினோக்கள் ஒரு வரிசை, தமிழர்கள் ஒரு வரிசை. நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே! டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சமே வராத அளவுக்கு அதன் மேல் உபயம் இன்னார் என்று எழுதுகிற கூட்டம். மற்றவர்கள் பெஞ்சுகள் மொட்டையாகக் கிடக்க, தமிழர் வரிசையில் ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் பித்தளைத் தகடு மின்னியது. அதில் ஒன்றுதான் ஜெயசீலனின் கழுத்தைப் பிடித்தது.

கதை இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், பிப்ரவரியில், அவன் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் அவன் போகவில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் போகவில்லை. "இதுக்காவது வருவியாப்பா?" என்று பிள்ளை கேட்டபோது, வருவேன் என்று சத்தியம் செய்து தொலைத்தான். அந்த மாதமே ஆலையில் ஷட்டவுன் அறிவித்தார்கள். ஷட்டவுன் என்றால் ஆலையை நிறுத்தி, பிரித்து மேய்ந்து, மறுபடி மாட்டுவது. முடிகிற வரை யாருக்கும் லீவு கிடையாது. பாஸ்போர்ட் எல்லாம் ஆபீஸ் பீரோவில் பத்திரமாகத் தூங்கும். கேட்டால் "மாஃபி" என்ற ஒரே அரபிச் சொல்தான், இல்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் செத்தால் மட்டும் அனுப்புவார்கள்.

உயிரோடு இருக்கிற பெற்றவர்களைச் செத்ததாகச் சொல்லி லீவு வாங்குவது கேம்ப்பில் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் ஜெயசீலனின் அப்பா நிஜமாகவே போய்ச் சேர்ந்து, அதற்கும் அவன் போய்வந்து, கம்பெனி கணக்கில் ஏறிவிட்டது. மிச்சம் இருந்தது அம்மா. மூன்று நாள் சோறு இறங்காமல் யோசித்தான். நாலாம் நாள் ஆபீசுக்குப் போய், ஆள் கணக்குப் பார்க்கும் செய்கு முகம்மதுவிடம், "பாய், எங்கம்மா போயிட்டா" என்றான்.

பாவி மனிதர் ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட ஜெயசீலன் உளறியிருப்பான். செய்கு முகம்மது காயல்பட்டினத்துக்காரர், அம்மா என்ற சொல்லுக்கே கண் கலங்குகிறவர். எழுந்து வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். "தாளெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், நீ முதல்ல கிளம்பு. மேனேஜர்கிட்ட என் பொறுப்புன்னு சொல்லிடறேன்" என்று அன்றைக்கே அனுப்பிவைத்தார்.

ஊரில் அம்மா அவனுக்கு நெய்மீன் குழம்பு வைத்துப் போட்டாள். வெள்ளை உடுப்பில் மகளைப் பார்த்து அழுதான். 'பொய்யாவது, புடலங்காயாவது, பிள்ளை முகத்தைப் பார்த்தோமே' என்றிருந்தது அப்போது.

திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை, கேம்ப்பில் வார லீவு அன்றுதான் என்பதால் பூசையும் அன்றுதான், கோயிலுக்குள் நுழைந்தால் தமிழர் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. தொம்மையண்ணன் அவன் கையைப் பிடித்து மூன்றாவது பெஞ்சுக்குக் கூட்டிப்போய், மேலே கிடந்த துண்டை எடுத்தார். 'மிக்கேலம்மாள் நினைவாக. இறப்பு: 2023 பிப்ரவரி' என்று தகடு. "நீ போன மறுநாளே சொல்லி அடிச்சிட்டோம்ல. நம்ம எல்லாருக்கும் அம்மாதான" என்றார். பின்வரிசையில் தொப்பியோடு செய்கு முகம்மதுவும் உட்கார்ந்திருந்தார். சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஜெயசீலன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டான். துக்கம் என்று நினைத்து இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

எந்த வாயால் சொல்லுவான்? சொன்னால் தன் வேலை போவதோடு நிற்காது, தாள் கேட்காமல் அனுப்பிவைத்த செய்கு முகம்மதுவின் வேலைக்கும் உலை. அதனால் வாயை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து அவனுக்கு அந்தப் பெஞ்சை விட்டால் வேறு இடம் கிடையாது. தூணோரம் போய் நின்றாலும் யாராவது, "அம்மா பெஞ்சுல போய் உக்காருப்பா" என்று தள்ளிவிடுவார்கள். நவம்பரில் இறந்தவர்கள் நாளன்று அதன் மேல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அன்று சாயங்காலமே அம்மா போனில், "ஏல, சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

இந்த வருடம் மறுபடி ஷட்டவுன். அது தொடங்கிய வாரத்தில்தான் மனைவி சங்கீதா போன் செய்தாள். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். "கண்ணை முழிச்சா உங்களத்தான் கேக்காவ. எப்பிடியாவது வந்துருங்க. உசுரோட ஒரு தரம் பாத்துருங்க" என்று அழுதாள்.

ஜெயசீலன் ஆபீசுக்கு ஓடினான். செய்கு முகம்மதுவின் முன்னால் நின்றதும் வந்த உண்மை வாயிலேயே செத்தது. "பாய், மாமியாருக்கு ரொம்ப முடியல. ஒரு வாரம்..." என்றான்.

"மாமியாருக்கு ரூல் இல்லியேப்பா. பெத்தவங்கன்னா நானே மேனேஜர்கிட்ட சண்டை போட்டு அனுப்பிருவேன்." அவர் குரல் தாழ்ந்தது. "உனக்குத்தான் ரெண்டு பேருமே இல்லாமப் போயிட்டாங்களே."

"அப்ப வேலைய விட்டுட்டுப் போறேன் பாய்."

"கிறுக்கா உனக்கு? ராஜினாமா குடுத்தாலும் ஷட்டவுன் முடியாம பாஸ்போர்ட் வெளிய வராது. போ, தண்ணி குடிச்சிட்டு டியூட்டிக்குப் போ" என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டல் அடித்ததைவிட வலித்தது. கோபக்காரனாக இருந்திருந்தால் போட்டு உடைத்திருக்கலாம். இந்த மனிதர் நல்லவராக இருந்து தொலைத்தாரே!

அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்கு மட்டும் பஸ் விட்டார்கள். பூசை முடிந்து எல்லாரும் வெளியே டீக்குப் போன பிறகும் ஜெயசீலன் எழவில்லை. அப்போது சங்கீதாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. திரையில் அம்மா. முகம் சுருங்கி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பேசினாள்.

"எங்கல இருக்க?"

"கோயில்லம்மா."

"நீ சாரம் கட்டுன கோயிலா? காட்டுல பாப்போம். சொல்லிச் சொல்லிப் பெருமையடிப்பியே."

ஜெயசீலன் எழுந்து போனைத் திருப்பினான். அந்தோணியாரைக் காட்டினான், மாதாவைக் காட்டினான். பீடத்தைப் பார்த்ததும் அவள் கை நடுங்கி நடுங்கிச் சிலுவை போட்டது. அவன் எல்லாம் கவனமாகத்தான் செய்தான். கண்ணில் நீர் முட்டியதைத் துடைக்கப் போன கையில்தான் போன் சாய்ந்தது.

"நில்லுல. அதென்ன தகடு? எம்பேராட்டம் இருக்கே."

"அது... வேற ஆளும்மா."

"கிட்டக் கொண்டாம்ல." செபப் புத்தகத்தை இன்னமும் கண்ணாடி போடாமல் வாசிக்கிற கிழவி. அவன் கை போனை விலக்கவும் மாட்டாமல், நீட்டவும் மாட்டாமல் நின்றது. அவள் எழுத்துக் கூட்டினாள். "மிக்கேலம்மாள்... நினைவாக..." அப்புறம் மாதத்தையும் வாசித்தாள்.

"இது புள்ளைக்குப் புதுநன்ம குடுத்த மாசம்லா?"

அவன் தகட்டின் மேல் கையை வைத்து மூடினான்.

"என்னைக் கொன்னுட்டுல்லா வந்திருக்க." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனை வெட்டியது. "போட்டும்... புள்ளைக்குத்தான வந்த." மறுபடி மூச்சை இழுத்தாள். "அப்ப இனிமே எனக்குன்னு வர முடியாது, என்னல?"

"அம்மா..."

"ஒன்னையத் தொட்டுப் பாக்கணும் போல இருக்குல, மக்கா."

ஜெயசீலன் அப்படியே பெஞ்சில் விழுந்தான். இரண்டு வருடமாக அடக்கிவைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. ஆம்பிளை அழுகிற அழுகையா அது! போன் பலகையில் குப்புறக் கிடந்தது. அவன் தகட்டில் நெற்றியை முட்டி முட்டி அழுதான்.

சத்தம் கேட்டு டீக் கிளாஸோடு ஓடிவந்தார்கள். தொம்மையண்ணன் அவன் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "ரெண்டு வருசம் ஆச்சுல. இன்னுமா மனசு ஆறல? நல்லாப் போயிச் சேந்தவல அவ. மோட்சத்துல இருந்து உன்னயப் பாத்துட்டுத்தான் இருப்பா."

"இல்லண்ணே... இல்லண்ணே..." என்பதற்கு மேல் அவனுக்கு வரவில்லை.

"சரி சரி, எல்லாரும் முட்டுபோடுங்கடே. அம்மாவுக்காக ஒரு தரம் சொல்லுவோம்" என்றார் தொம்மையண்ணன். கூட்டம் பெஞ்சைச் சுற்றி முழந்தாளிட்டது. வெளியே பஸ் டிரைவர் ஹாரன் அடித்து "யல்லா, யல்லா" என்று கத்துவது கேட்டது. தொம்மையண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, இறந்தவர்களின் இளைப்பாற்றிக்காகச் சொல்கிற செபத்தின் முதல் பாதியைச் சொன்னார்.

மறுபாதியைச் சொல்லச் சுற்றியிருந்தவர்கள் வாயெடுப்பதற்குள், பெஞ்சின் பலகையிலிருந்து ஒரு கிழக்குரல், இரைத்து இரைத்து, ஒரு சொல்லும் பிசகாமல் அதைச் சொல்லி முடித்தது. ஆயுள் முழுக்கக் கோயிலில் சொன்ன பழக்கம், யாருக்காகச் சொல்கிறோம் என்று பார்க்கவில்லை. கடைசியில் "ஆமென்" என்றும் சொன்னது.

தொம்மையண்ணன் கண்ணைத் திறந்து, குப்புறக் கிடந்த போனைப் பார்த்தார், பிறகு ஜெயசீலனைப் பார்த்தார்.

"யாருல லைன்ல?"

ஜெயசீலன் போனை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி திருப்பிப் பிடித்தான்.

"எங்கம்மாண்ணே. இன்னும் இருக்கா."