ஜன்னலுக்கு எட்டாத டீ

நேற்று சிக்னலில் என் பக்கத்தில் ஒரு பெரிய பிக்கப் வந்து நின்றது. பின்னால் படகு. என்ஜின் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. டீசல் வண்டி என்றால் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்க வேண்டாமா? புகை வாசனைகூட இல்லை, கரண்ட் வண்டி. எனக்கு அமீரகத்து ராஸ் அல் கைமா ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே ஓர் அர்பாபிடம் டிரைவராக இருந்தேன். முதலாளியை அப்படித்தான் சொல்வோம். வெள்ளிக்கிழமை படகைக் கடலுக்கு இழுக்கவும் மற்ற நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் ஒரே வண்டி வாங்க நினைத்து, இரண்டு டீசல் பிக்கப்புகளை ஓட்டிப்பார்க்க வரவழைத்தார். வெள்ளை, தாழ்வான கியர் வண்டி. கிளட்ச் கல் மாதிரி. சிவப்பு, ஆட்டோமேட்டிக்.

அர்பாபுக்கு முழங்கால் வலி. கிளட்ச் மிதிக்க முடியாததால்தான் என்னை வைத்திருந்தார். சிவப்பு வந்தால் நான் எதற்கு?

"அண்ணை, வெள்ளைதான் திறம் எண்டு சொல்லிப்போடுங்கோ. இல்லாட்டிப் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்" என்றான் அந்த வீட்டுச் சமையல்காரன் சிவம், யாழ்ப்பாணத்துக்காரன்.

ஈர மணலில் வெள்ளை இரண்டு முறை வழுக்கித்தான் படகை மேலேற்றியது. சிவப்புக்குப் பின்னால் படகு இருப்பதே தெரியவில்லை. வேகத்தடையில் வெள்ளை குடலைக் குலுக்கியது, சிவப்பு தொட்டில்.

"எது நல்லது?" என்று அர்பாப் இந்தியில் கேட்டார். பொய் சொல்லத் தைரியம் வேண்டும். எனக்கு உண்மை சொல்லவே குரல் வராது.

"சிவப்பு, அர்பாப்."

அவருக்கு ஒரே குஷி. வீட்டு வாசல் படியில் நின்றபடியே ஏறி, தானே ஓட்டினார். நான் பக்கத்தில். டீக்கடை முன்னால் ஹாரன் அடித்து, வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே இரண்டு விரலை நீட்டினார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அந்த ஊரில் டீக்காக யாரும் வண்டியை விட்டு இறங்கமாட்டார்கள். டீதான் வண்டிக்கு வரும்.

கடைக்காரர் ஹம்சாக்கா, கேரளத்து மனுஷன், குள்ளம். எம்பி நின்று தட்டை நீட்டினார். டீ அவர் சட்டைக் கைக்குள் ஓடியது.

"எந்தா பாய், இது வண்டியோ மாடிவீடோ?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

அர்பாப் இறங்குவதற்காகக் கதவைத் திறந்தார். எங்கோ கீழே இருந்த தரையைப் பார்த்தார். முழங்காலைத் தடவினார். கதவைச் சாத்திவிட்டார்.

"கலாஸ். இந்த வண்டி மாஃபி" என்றார். போதும், வேண்டாம் என்று அர்த்தம்.

"ஒரு தேத்தண்ணி உங்களைக் காப்பாத்திப்போட்டுது" என்று சிவம் அன்று முழுக்கச் சிரித்தான்.

வெள்ளையோடு பல வருடம் மல்லுக்கட்டினேன். இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் அகலமான சாலை. அர்பாபும் இல்லை. நேற்று சிக்னல் பச்சையானதும் அந்தப் பெரிய பிக்கப் சத்தமில்லாமல் நகர்ந்தது. உள்ளே ஓட்டுகிறவர் மட்டும்தான் இருந்தார். அவர் டீ கேட்டால் ஒரு விரல் போதும்.