இன்னும் ரெண்டு பம்ப்

கிரீஸ் என்பது பிரியாணி மாதிரி, கூடுதலாகப் போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் நான் நம்பியிருந்தேன். மலேசியாவில், காப்பாரில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மெக்கானிக் வேலை. தீபாவளி விடுப்பில் போகுமுன், திரும்பி வரும்வரை தாங்கட்டும் என்று பெரிய காற்றாடி மோட்டாரின் பேரிங்கில் கைபம்பால் கிரீஸை அடைத்துவிட்டுப் போனேன்.

எனக்காகத் தன் தீபாவளியை விட்டுக்கொடுத்து ஷிப்டில் நின்ற கூட்டாளி, பண்டிகைக் காலையில் போன் செய்தான். என் வாயில் முறுக்கு.

“அண்ணே, மோட்டாரு கொதிக்குது. நிப்பாட்டவா?”

“நிப்பாட்டாதடா! இன்னும் ரெண்டு பம்ப் அடிலா, அடங்கிடும்.”

அடித்தான். மத்தியானம் பேரிங் இறுகி மோட்டார் நின்றுபோனது. அளவு மீறினால் பேரிங் அந்தக் கிரீஸைக் கடைந்து கடைந்தே சூடாகும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். தகவல் வந்ததும் ஆலைக்கு ஓடினேன். பதற்றத்தில் ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் மனைவியின் செருப்பு.

மேனேஜர் என் காலைப் பார்க்கவில்லை. “கிரீஸ் அடிச்சது யாரு?” என்றார்.

கூட்டாளி என் முகத்தையே பார்த்தான். ஆலை முழுக்கச் சிரிக்க வைக்கிற நான் குனிந்து மனைவியின் செருப்பைப் பார்த்தேன்.

“நான்தான் பாஸ்,” என்றான் கூட்டாளி.

அந்த மாதக் கடைசியில் அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மேனேஜரிடம் நான் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.