மூன்று கேம்களும் ஒரு லோரியும்

எல்லாரும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற அந்த வாள்வீரன் கேமைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். புல்வெளி அழகு, மழை அழகு, குதிரையின் பிடரிமயிர்கூட அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உலகத்தைக் காப்பாற்றப் போகிறவனை வழியில் பார்க்கிற ஆளெல்லாம் நிறுத்தி, மூலிகை பறித்து வா, காணாமல் போன ஆட்டைத் தேடு என்று வேலை ஏவினால் என்ன அர்த்தம்? ஷா ஆலமில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை அலுவலகத்தில் பகல் முழுக்க எனக்கும் அதுதான் நடக்கிறது. அங்கே குதிரையும் இல்லை.

சமையல் கேம் அதைவிட மோசம். ஆர்டர் வந்துகொண்டே இருக்கும், மேலே கடிகாரம் ஓடும், கொஞ்சம் கவனம் பிசகினால் சட்டி தீய்ந்துவிடும். நெரிசலில் ஊர்ந்து கிள்ளானுக்கு வந்து, சோறு வடித்து, அண்ணனின் கையையும் காலையும் நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்துவிட்டு அப்பாடா என்று உட்காருகிறவள், இன்னொரு அடுப்படிக்குள் நுழைய வேண்டும் என்று என்ன தலையெழுத்து? மூன்றாம் நாள் அழித்துவிட்டேன்.

தோட்டம் போடுகிற கேமை மனசுக்கு மருந்து என்றார்கள். நானும் அண்ணனும் ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவர்கள். அங்கே நாங்கள் கண்டது கொசுவைத்தான், மருந்தை அல்ல. இருந்தும் ஒரு மாதம் முள்ளங்கி போட்டேன். அந்த ஊர்க்காரர்களுக்குப் பிறந்தநாள் பரிசு தராவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள். இல்லாத மனிதர்களிடமுமா நான் கெட்ட பேர் வாங்க வேண்டும்? இசை மட்டும் நன்றாக இருக்கும். நாலு நிமிடத்தில் தூக்கம் வந்துவிடும்.

அண்ணன் இருபத்தாறு வருடம் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தப்பித்தது. அவருக்கும் குடும்பம் இல்லை, எனக்கும் இல்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கைத்தடியோடு நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பாப்பா, லைசென்ஸ் மெடிக்கல் எப்போ போறோம்?”

“அடுத்த மாசம் போலாம்ணே” என்று ஒவ்வொரு மாதமும் சொன்னேன். லைசென்ஸுக்கான அந்த மருத்துவப் பரிசோதனையில் அவர் தேற மாட்டார், அந்த வலது காலை வைத்துக்கொண்டு இனி லோரி ஓட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் லோரி கேமை வாங்கினேன். ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சரக்கு ஏற்றிப் போக வேண்டும், அவ்வளவுதான். கேம் என்று பார்த்தால் சுமார் ரகம். மரங்கள் எல்லாம் ஒரே மரம். முதலில் நானே சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, பொத்தான்களை எல்லாம் இடது கைக்கு மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனிடம் கொடுத்தேன்.

கிளம்பிய இரண்டாவது நிமிடம் எதிரே வந்த காரில் மோதினார். மறுபடி தொடங்கினார், மறுபடி மோதினார். சாலையின் வலப்பக்கத்துக்கு அவர் வரவே இல்லை. வீட்டுக்கு வரும் பிசியோ பெண் முன்பே சொல்லியிருந்தாள்: “சில பேருக்கு வீக்கான சைடையே மூளை மறந்துடும் அக்கா. கொஞ்சம் பாத்துக்குங்க.” அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த மூன்று வாரம், தட்டின் வலப்பக்கம் வைத்த காயைச் சாப்பிடுகிறாரா என்று வேவு பார்த்தேன். சாப்பிட்டார். பாகற்காயை மட்டும் ஒதுக்கினார், அது எப்போதும் உள்ளதுதான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இன்னும் ஒன்றைத் தாங்க என் உடம்பில் தெம்பு இல்லை.

நான்காவது ஞாயிறு அண்ணன் பொறுமை இழந்து கன்ட்ரோலரை சோபாவில் வீசினார்.

“இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் லைசென்ஸ் இல்லையா? எல்லாரும் ராங் சைட்லயே வரானுங்க லா!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் சிரித்தேன், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த நாடுகளில் வலப்பக்கம் ஓட்டுவதுதான் சட்டம். திரையில் காட்டும் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்டிப் பழகிய நான் அதை யோசித்ததே இல்லை. அண்ணனோ நம் ஊர்ச் சட்டப்படி ஒழுங்காக இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும், “அத மொதல்லயே சொல்ல மாட்டியா?” என்று திட்டினார்.

லோரியை இங்கிலாந்துக்கு மாற்றிக் கொடுத்தேன். அங்கே நம்மைப் போல இடப்பக்கம்தான். அண்ணன் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார். கடைசியில் ரிவர்ஸ் எடுத்து ஒரே தடவையில் கிடங்கு வாசலில் நிறுத்தினார். அதே இடத்தில் நான் எட்டுத் தடவை முயன்று தோற்றிருக்கிறேன். மூன்று வாரப் பயம் விலகிய சந்தோஷத்தில் நான் நிதானம் இழந்துவிட்டேன்.

“அண்ணே, இந்த வாரமே மெடிக்கல் போயிருவோம். நான் லீவு போடுறேன்.”

அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: “இதுல நான் பிரேக் எதுல போடுறேன்?”

அவர் விரலுக்கடியில் இருந்த பொத்தானைக் காட்டினேன்.

“ம். காலே வேணாம். அதான் ஓட்டுறேன்.” ஸ்டூல் மேல் கிடந்த வலது காலை இடது கையால் தூக்கிக் கீழே வைத்தார். “நெஜ லோரிக்குக் கால் வேணும் பாப்பா. கண்டெய்னரோட போய் எவன் குடும்பத்து மேலயாவது ஏத்திட்டா? மெடிக்கல் எல்லாம் வேணாம்.”

நான் ஸ்டூலை ஓரமாக நகர்த்தினேன்.

“முடியாதுன்னு நீயா சொல்லுவன்னுதான் மாசா மாசம் கேட்டுப் பாத்தேன்” என்றார். “ஒனக்குச் சொல்ல வரல.”