உம்மாவின் குடியைத் தேடிப் போனது

பெண் பேசி முடித்து, வந்தவர்கள் வெற்றிலையும் போட்டாகிவிட்டது. அப்போதுதான் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் சாவகாசமாகக் கேட்டார்: "மாப்பிள்ளைட குடி என்ன?"

எங்கள் பக்கத்தில் குடி என்ற வம்சப் பெயர் உம்மா வழியாக வருவது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை; அவர்கள் அண்ணன் தங்கை மாதிரி. என் உம்மாவோ நான் கைப்பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டா. வாப்பாவும் போய்விட்டார். என்னை வளர்த்த வாப்பா வழி மாமிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: "உன்ட வாப்பா தெற்குப் பக்கத்தால கலியாணம் முடிச்சான்." கல்முனைக்குத் தெற்கே ஊர்களுக்கா பஞ்சம்?

எழுபதுகளின் கடைசி அது. சோறு இறங்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையில் கொஞ்சம் அதிகமாகவே இறங்கியது. பயம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

மட்டக்களப்புக் கச்சேரியில், அந்த அரசாங்கக் கந்தோரில், வாப்பாவின் பெயரை வைத்துப் பழைய கலியாணப் பதிவை ஒரு கிளாக்கர் தேடிக் கொடுத்தார். குடி எழுத அதில் இடமே இல்லை. ஆனால் பெண்ணைக் கட்டிக் கொடுத்த வொலி, 'சகோதரர், பாலமுனை' என்றிருந்தது. அண்ணன் குடிதானே தங்கச்சி குடி? துப்பறிந்துவிட்ட பெருமையில் பஸ் ஏறினேன்.

கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்தான் அந்த வொலி, என் மாமா. மூக்கைப் பார்த்தே என்னை அடையாளம் பிடித்தார். இந்த மூக்கு எனக்குச் செய்த ஒரே உபகாரம்.

"மாமா, உங்கட குடி என்ன?"

சொன்னார். பெண்ணின் குடியேதான்.

மணலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று எழுதுவது என் மரியாதைக்காக.

"என்ன மனே, வெயிலா?"

நடந்ததைச் சொன்னேன். பெண் இனி எனக்குத் தங்கச்சி என்றேன்.

"நீ கேட்டது என்ட குடிய. உன்ட உம்மாட குடிய எங்க கேட்டாய்?" என்றார். "எங்களுக்கு வாப்பா ஒராள், உம்மா ரெண்டு பேர். உன்ட உம்மா இளைய தாரத்துப் பிள்ளை. அவட குடி வேற."

பெண்ணின் வாப்பா இல்லாதபோது, அதே வாப்பாவுக்குப் பிறந்த அண்ணன் வொலியாக நிற்கலாம். குடிக்கு அந்தக் கணக்குச் சரிவராது. குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம், மாப்பிள்ளைக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

"மரைக்காரிட்ட வந்து சொல்லுவீங்களா மாமா?"

"ஓம், வாறன். நீ விழுந்ததையும் சொல்லுவன்."

இரண்டையும் சொன்னார், பெண் வீட்டில், எல்லோருக்கும் கேட்கும்படி. நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. இப்போதும் நான் வெயிலில் களைத்து உட்கார்ந்தால், உள்ளேயிருந்து மனைவி கேட்பாள்:

"என்ன, இன்னொருக்கா நான் தங்கச்சியாகிட்டனா?"